நவீனக் கட்டிடத்தைப் புரிந்துகொண்டு காப்பாற்றுவது எப்படி: முதல் பார்வை முதல் பராமரிப்பு வரை

ஒரு நல்ல கட்டிடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் பெரும்பாலோர் கையெழுத்து சேகரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அது ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வரவேண்டிய வேலை. அளவும் வரைபடமும் எது முக்கியம் என்ற தெளிவும் இல்லாமல் அதிகாரியின் முன் போய் நின்றால், "இந்தக் கான்கிரீட் பெட்டியில் அப்படி என்ன இருக்கிறது?" என்ற முதல் கேள்வியிலேயே பேச்சு முடிந்துவிடும். "அழகாக இருக்கிறதே" என்று மட்டும் பதில் சொல்லித் திரும்பியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தொடக்கத்தில் நானும் அப்படித் திரும்பியிருக்கிறேன்.

கான்கிரீட், எஃகு, கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டு ஏறத்தாழ 1920-களிலிருந்து 1980-கள் வரை எழுந்த கட்டிடங்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியிலும் கிடைப்பது அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அனுமதியில்லாமல் எடுத்த படங்களை விண்ணப்பத்தில் இணைக்க முடியாமல் போகலாம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: பின்னால் அதே உரிமையாளரின் எதிரில் உட்கார்ந்து நீங்கள் பேச வேண்டியிருக்கிறது. சுவரேறிக் குதித்தவராக அவருக்கு அறிமுகமாகக் கூடாது.

கருவிகள் அதிகம் வேண்டாம். நீளமான அளவுநாடா, லேசர் தொலைவுமானி, கேமரா, தொலைநோக்கி, டார்ச் விளக்கு, சின்னச் சுத்தியல், திசைகாட்டி, கோடு போடாத குறிப்பேடு, தலைக்கவசம் போதும்.

தனியாகப் போகாதீர்கள். ஒருவர் அளக்க ஒருவர் எழுத வேண்டும். பழைய கான்கிரீட்டில் பழகிய கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை முதல் நாளிலிருந்தே உடன் வைத்துக்கொள்ளுங்கள். "கட்டிடம் பலவீனமாகிவிட்டது" என்ற ஒற்றை வரி அறிக்கைதான் பல இடிப்புகளுக்கு அடிப்படை. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் அவர் மட்டுமே.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இந்தக் காலத்துக் கட்டிடங்களின் கூரைத் தகடு, குழாய் உறை, பொய்க்கூரைப் பலகை, தரை ஓடு ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். துளையிடவோ உடைக்கவோ பெயர்க்கவோ கூடாது. உறுதிப்படும் வரை இருக்கிறது என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

2. சட்டத்தின் வயது வரம்பைப் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். முதலிலேயே பார்க்க வேண்டியது இது. மரபுப் பட்டியலில் சேரப் பல நாடுகளில் ஒரு வயது எதிர்பார்க்கப்படுகிறது. அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டில் பொதுவாக 50 ஆண்டுகள். இங்கிலாந்தில் பொதுவாக 30. இரண்டிலும் சிறப்புத் தகுதி உள்ளவற்றுக்கு விதிவிலக்கு உண்டு.

டெல்லியின் பிரகதி மைதானத்தில் இருந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் 1972-இல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டிடக் கலைஞர் ராஜ் ரேவால், கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜ். உலகமே வியந்த கான்கிரீட் முப்பரிமாணச் சட்டகம் அது. காப்பாற்றக் கோரியவர்களுக்கு, 60 ஆண்டு நிறையாத கட்டிடம் என்பதே தடையாக வந்து நின்றது. 2017 ஏப்ரலில் இடித்துவிட்டார்கள். அந்தக் கட்டிடத்தின் பெருமையைப் பற்றி எழுதப்பட்ட எதுவும் அந்த எண்ணுக்கு முன் எடுபடவில்லை. இன்றும் எனக்கு ஆறாத இழப்பு அது.

ஆகவே உங்கள் கட்டிடம் வரம்புக்குள் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் விதிவிலக்குக்கு என்ன சான்று கேட்கிறார்கள் என்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இனி நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு தாளும் அந்தக் கேள்விக்குப் பதிலாக அமைய வேண்டும்.

3. அளக்கும் முன் பாருங்கள்

குறைந்தது நான்கு முறை போங்கள்: காலை, உச்சி வெயில், மாலை, மழை. மழை நாளைத் தவறவிடாதீர்கள். தண்ணீர் எங்கே வழிகிறது, எங்கே தேங்குகிறது, எந்த விளிம்பில் சொட்டிச் சுவரைக் கறையாக்குகிறது என்பதை வேறெந்த நாளிலும் பார்க்க முடியாது.

இந்தக் கட்டிடங்களில் சிற்பத்தையோ வேலைப்பாட்டையோ தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தேட வேண்டிய இடங்கள் வேறு. பாரம் எப்படிக் கீழே இறங்குகிறது, தூண்களுக்கிடையே என்ன இடைவெளி, வெயில் மறைப்புகள் எந்தத் திசையில் எவ்வளவு நீண்டிருக்கின்றன, இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தை எப்படி முடித்திருக்கிறார்கள், படிக்கட்டில் திரும்பும்போது வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பாருங்கள்.

பூசாத கான்கிரீட்டின் மேற்பரப்பைக் கிட்டத்தில் போய்ப் படியுங்கள். வார்ப்புப் பலகைகளின் மர ரேகைகூட அதில் பதிந்திருக்கும். கலிபோர்னியாவில் லூயி கான் வடிவமைத்து 1965-இல் முடிந்த சால்க் ஆய்வு நிறுவனத்தில், பலகைகளை இறுக்கிய கம்பிகள் விட்ட துளைகளை மறைக்காமல் ஈயக்குமிழ் வைத்து அப்படியே காட்டியிருக்கிறார்கள். பலகைகள் கூடிய இடத்துக் கோடும் திட்டமிட்டே விடப்பட்டது. சுவர் எப்படி உருவானது என்பதை அந்தச் சுவரே சொல்கிறது. விவரம் தெரியாதவர் அந்தத் துளைகளைக் குறையென்று எண்ணிச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவார்.

பார்த்ததைக் கையால் வரையுங்கள். ஓவியத் திறமை தேவையில்லை. கேமரா எல்லாவற்றையும் ஒரே நொடியில் விழுங்கிவிடும். கை வரையும்போதுதான் சன்னல் சட்டம் சுவரின் உள்விளிம்பில் நிற்கிறதா வெளிவிளிம்பில் நிற்கிறதா என்ற கேள்வியே எழும்.

4. பழைய தாள்களைத் தேடுங்கள்

தேட வேண்டிய இடங்கள்: உள்ளாட்சியின் கட்டிட அனுமதிக் கோப்பு, உரிமையாளரின் பராமரிப்பு அறை, கட்டிடக் கலைஞரின் அலுவலகம் அல்லது குடும்பம், ஒப்பந்தக்காரர், கட்டமைப்புப் பொறியாளர். கடைசியாகச் சொன்னவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்தத் தூணில் எத்தனை கம்பி, அதற்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் என்பது அவருடைய வரைபடத்தில்தான் இருக்கும். ஆறாம் படியில் அது இல்லாமல் திணறுவீர்கள்.

ட்ரேசிங் தாள்களை மடிக்காதீர்கள், ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். கறுப்பு மையில் இருந்தாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். திருத்தங்களைப் பெரும்பாலும் சிவப்பு, நீலப் பென்சிலில்தான் குறித்திருப்பார்கள். கறுப்பு வெள்ளையில் எல்லாம் ஒரே கோடாகிவிடும்.

வரைபடத்தில் இருப்பதுதான் கட்டப்பட்டிருக்கிறது என்று நம்புவது, நான் அதிகம் பார்த்த பிழை. கட்டும்போது மாற்றுவார்கள், பிறகும் மாற்றுவார்கள். ஒவ்வொரு தாளையும் இடத்தில் வைத்து ஒப்பிட்டு, வேறுபாடுகளை வேறு நிறத்தில் குறியுங்கள்.

கட்டிடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன், காவலர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். எந்தச் சுவர் எந்த ஆண்டு வந்தது, எந்தக் குழாய் எப்போதும் அடைத்துக்கொள்ளும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

5. அளவும் படமும்

பெரிதிலிருந்து சிறிதுக்குப் போங்கள்: மனை, முகப்புகள், தளங்கள், அறைகள், கடைசியாகக் கைப்பிடி, தாழ்ப்பாள், விளக்கு. தாழ்ப்பாளில் தொடங்கியவர்கள் அன்றைய வெளிச்சம் போன பிறகுதான் முகப்பை நினைத்துக்கொள்கிறார்கள்.

அறையின் நீள அகலத்தோடு மூலைக்கு மூலை குறுக்களவையும் எடுங்கள். மூலைகள் செங்கோணமாக இருக்கின்றனவா என்பதை அது மட்டுமே காட்டும்.

முகப்புகளை மேகமூட்டமான நாளில் நேரெதிரே நின்று எடுங்கள்; கடும் நிழல் விழுந்தால் விவரம் மறையும். பலகைத் தடம், உப்பல், பழைய ஒட்டுவேலை ஆகியவற்றுக்கு மட்டும் சாய்ந்த வெயில் வேண்டும். படங்களை இணைத்து முப்பரிமாண மாதிரி செய்வதென்றால், அடுத்தடுத்த படங்கள் குறைந்தது 60 விழுக்காடாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும்.

ஒவ்வொரு படமும் எங்கிருந்து எந்தத் திசையில் எடுக்கப்பட்டது என்பதைத் தளவரைபடத்தில் அம்புக்குறியோடு அன்றன்றே குறியுங்கள். ஒரே மாதிரியான 40 நடைவழிப் படங்களை ஒரு வாரம் கழித்து இனம்பிரிக்க யாராலும் முடியாது. ஆட்கள் புழங்கும் படங்களும் சில இருக்கட்டும். வெற்றுக் கட்டிடத்தின் படங்களை மட்டும் காட்டினால், அது பயன்படாத கட்டிடம் என்ற எண்ணத்தையே வலுப்படுத்துவீர்கள்.

6. நோயைக் கண்டறியுங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். முதலில் தண்ணீரைத் துரத்திப் பிடியுங்கள். மொட்டை மாடியின் வாட்டம், வடிகால் வாய்கள், மழைநீர்க் குழாய்கள், கைப்பிடிச்சுவரின் உச்சி, சன்னலின் அடிவிளிம்பு, விரிவு இணைப்புகள் என்ற வரிசையில் பாருங்கள். தட்டைக் கூரையை நவீனக் கட்டிடத்தின் பிறவிக்குறை என்பார்கள். போய்ப் பார்த்தால் சருகு அடைத்த ஒரு வடிகாலும், இருக்கும் வாட்டத்தைக் கெடுத்துப் பின்னால் போட்ட தரை ஓடும்தான் பல இடங்களில் காரணமாக இருக்கும்.

அடுத்து கான்கிரீட். புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு 12-க்கு மேல். உள்ளே இருக்கும் கம்பியின் மீது அந்தக் காரம் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் ஊடுருவ, காரம் வெளியிலிருந்து உள்நோக்கிக் குறைந்துகொண்டே போகிறது. காரம் இழந்த பகுதி கம்பியைத் தொட்டதும் படலம் அழிகிறது. ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் மேற்பரப்பு பிளந்து பெயர்கிறது. ஈரம் இல்லாவிட்டால் துரு மெதுவாகத்தான் நகரும். தண்ணீரை முதலில் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். திடமான இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளந்த இடம் பொக்கென்று கேட்கும். சிட்னி ஓபரா ஹவுஸின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கூரை ஓடுகளைக்கூடத் தட்டிக் கேட்டுத்தான் சோதிக்கிறார்கள். பொக்கொலி வந்த இடங்களைச் சாக்பீஸால் சுவரில் வட்டமிட்டு, அதே வட்டத்தை முகப்பு வரைபடத்திலும் போடுங்கள். வரைபடத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தால் நோயின் வடிவம் தெரியும்: ஒரே குழாய்க்குக் கீழே, அல்லது ஒரே திசை முகப்பில், அல்லது கம்பிக்கு மேல் கான்கிரீட் குறைந்த ஒரே வரிசையில்.

எவ்வளவு ஆழம் வரை காரம் குறைந்துவிட்டது என்பதை அறிய, பொறியாளர் மறைவான இடத்தில் சிறு துண்டைப் பெயர்த்துப் பினால்ப்தலீன் கரைசல் தெளிப்பார். இளஞ்சிவப்பானால் காரம் இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் போய்விட்டது. புதிதாக உடைந்த பரப்பில்தான் தெளிக்க வேண்டும். பழைய வெளிப்பரப்பு எப்போதும் காரம் இழந்தே இருக்கும். அதன்மேல் தெளித்துவிட்டுக் கட்டிடமே போய்விட்டது என்று பதறியவர்கள் உண்டு. துளையிட்ட தூளைத் துடைக்காமல் தெளித்தால் நேர்மாறான பிழை வரும்: உள்ளிருந்து வந்த தூள் சிவந்து நல்ல செய்தி போலக் காட்டும்.

கிடைத்த ஆழத்தைக் கம்பியின் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். 10 மில்லிமீட்டர் ஆழம் வரைதான் காரம் குறைந்திருக்கிறது, கம்பி 30 மில்லிமீட்டரில் இருக்கிறது என்றால் உங்களுக்குக் காலம் இருக்கிறது. "பலவீனமாகிவிட்டது" என்ற ஒற்றை வரிக்கு எதிரே வைக்க உங்களிடம் இப்போது ஓர் எண்ணும் இருக்கிறது. கடலோரமானால் உப்புச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். உப்பிலுள்ள குளோரைடு கம்பிவரை போயிருந்தால் காரம் குறையாமலேயே துரு பிடிக்கும்.

விரிசல்களைக் கண்டதும் அடைக்காதீர்கள். அளவுக் குறி ஒட்டி, எல்லாப் பருவங்களும் வந்துபோகும்வரை கவனியுங்கள். வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும் விரிசல் வேறு, ஒரே திசையில் நகர்ந்துகொண்டே இருப்பது வேறு. அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் ஃபாலிங்வாட்டர் வீட்டில் முன்னோக்கி நீண்ட தளங்கள் இன்னும் தாழ்கின்றன என்பதைக் கருவி வைத்துக் கண்காணித்து உறுதி செய்த பின்பே, 2002-இல் இழுவிசைக் கம்பிகள் செலுத்தி அவற்றை நிறுத்தினார்கள்.

7. முக்கியத்துவ அறிக்கையை எழுதுங்கள்

இரண்டு மூன்று பக்கம் போதும். அதற்கு மேல் யாரும் படிக்கமாட்டார்கள். இந்தக் கட்டிடம் எதைப் புதிதாகச் செய்தது, அதே காலத்தில் அதே நோக்கத்துக்காகக் கட்டியவற்றோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது, இன்று அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற மூன்றுக்கும் பதில் இருக்கட்டும். கட்டிடக் கலைஞரின் புகழை மட்டும் எழுதாதீர்கள். புகழ்பெற்றவரின் சுமாரான கட்டிடமும் உண்டு, பெயர் தெரியாதவரின் அருமையான கட்டிடமும் உண்டு. "உலகிலேயே ஒன்றுதான்" என்றும் எழுதாதீர்கள். எதிர்த்தரப்பு இரண்டாவதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற வரிகளும் நம்பிக்கை இழக்கும்.

அதன்பின் கட்டிடத்தின் பகுதிகளை மூன்றாகப் பிரியுங்கள்: தொடக்கூடாதவை, கவனத்தோடு மாற்றத்தக்கவை, பின்னால் வந்து கட்டிடத்தைக் கெடுப்பவை. மூன்றாவது பட்டியல் நீளமாக இருந்தால் மகிழுங்கள், உரிமையாளருக்கு விட்டுக்கொடுக்க நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் முதல் பட்டியலில் போட்டவர் பேச்சுவார்த்தையில் எதையும் காப்பாற்றியதாக நான் பார்த்ததில்லை.

மதிப்பு பொருளில் இருக்கிறதா, கருத்தில் இருக்கிறதா என்பதையும் தெளிவாக்குங்கள். டோக்கியோவில் கிஷோ குரோகாவாவின் நகாகின் கேப்சூல் கோபுரம் 1972-இல் எழுந்தது. அதன் 140 அறைப்பெட்டிகளைக் கழற்றிப் புதியவை மாட்டலாம் என்பதே அதன் அடிப்படை எண்ணம். ஒரு தடவைகூட மாற்றவில்லை. 2022-இல் கோபுரத்தைக் கலைத்தார்கள். இப்படிப்பட்ட கட்டிடத்தில் ஒரு பெட்டியைக்கூட மாற்றக்கூடாது என்று கேட்டால், கட்டிடத்தின் கருத்துக்கு எதிராகவே வாதாடுவீர்கள்.

8. முதலில் உரிமையாளர், பிறகு ஊர்

அறிக்கையோடு உரிமையாளரிடம் போங்கள். முதல் சந்திப்பில் கேளுங்கள்: வெப்பமா, ஒழுக்கா, இடப்பற்றாக்குறையா, மின்செலவா, லிஃப்ட் இல்லாததா? இடிக்கும் முடிவுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு குறிப்பான தொல்லை இருக்கும். அதற்கு ஒரு தீர்வை வரைந்து எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போங்கள்.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 1931-இல் முடிந்த வான் நெல்லே ஆலையை அலுவலகமாக மாற்றியபோது, மெல்லிய எஃகுச் சட்டக் கண்ணாடிச் சுவரால் குளிரையும் ஓசையையும் தடுக்க முடியாது என்பது சிக்கல். சுவரை மாற்றாமல், உட்பக்கம் சற்றுத் தள்ளி இரண்டாவது கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். வெளித்தோற்றம் அப்படியே இருக்கிறது. 2014-இல் அது உலக மரபுச் சின்னமானது.

உரிமையாளர் மறுத்தால் பட்டியலிடும் அமைப்பிடம் விண்ணப்பியுங்கள். கையெழுத்து சேகரிப்பும் பத்திரிகையும் இப்போதுதான். 1988-இல் தொடங்கிய டோகோமோமோ போன்ற, நவீனக் கட்டிடங்களுக்கான அமைப்புகளின் ஆதரவுக் கடிதத்தையும் கேளுங்கள். முதல் மறுப்பில் கோப்பை மூடிவிடாதீர்கள். இங்கிலாந்தின் பிரெஸ்டன் பேருந்து நிலையத்துக்கு இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். மூன்றாவது விண்ணப்பம் 2013-இல் ஏற்கப்பட்டது.

9. பழுதுபார்க்கும்போது

எதையும் முழுச் சுவரில் தொடங்காதீர்கள். கண்ணில் படாத ஓரத்தில் நான்கைந்து மாதிரிகள் போட்டு, நன்றாகக் காய்ந்து சில மாத வெயில் மழை பட்ட பிறகு தேர்ந்தெடுங்கள். ஈரத்தில் பொருந்திய நிறம் காய்ந்தால் பொருந்தாது. சிமெண்ட் நிறத்தை மட்டும் பார்க்காமல் பழைய கலவையின் மணலையும் ஜல்லியின் அளவையும் கண்டறிந்து சேருங்கள். கான்கிரீட் தேயத் தேய வெளியே தெரிவது அவைதான்.

துருப்பிடித்த கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டிப் பூசினால் பின்பக்கத் துரு தொடரும். கம்பியைச் சுற்றிலும் கான்கிரீட்டை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இன்னொன்றும் நடக்கும்: ஒட்டுப் போட்ட இடம் காரத்தோடு பாதுகாப்பாக இருக்க, அதன் விளிம்பை அடுத்த பழைய பகுதியில் துரு வேகமெடுக்கலாம். எனவே எத்தனை இடத்தில் ஒட்டு, எங்கே வேறு முறை என்பதைப் பொறியாளரே முடிவு செய்யட்டும்.

மணல் பீச்சியோ மிகு அழுத்தத் தண்ணீரிலோ கழுவ விடாதீர்கள். மேல்தோலும் பலகைத் தடமும் போய்விடும், போனால் திரும்பாது. கறையை மறைக்க வண்ணம் அடிப்பதும் அப்படித்தான். நல்ல எண்ணத்தோடு வண்ணம் அடித்துக் கெடுத்த சுவர்களைப் பார்க்கும்போது, இடித்த கட்டிடத்தைப் பார்ப்பதற்குச் சற்றும் குறையாத வலி எனக்கு.

சன்னல்களை மொத்தமாகக் கழற்றி அலுமினியம் போடுவது எல்லாக் கட்டிடங்களையும் தாக்கும் ஆசை. தடித்த சட்டம் வந்ததும் முகப்பின் விகிதமே மாறிவிடும். சால்க் நிறுவனத்தில் 203 தேக்குச் சன்னல் தொகுதிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எவ்வளவு சேதமோ அவ்வளவுக்கு மட்டும் சீர்செய்தார்கள். பழைய மரத்தின் பெரும்பகுதி அதே இடத்தில் நிற்கிறது.

10. பராமரிப்புத் திட்டம்

ஒரே பக்கத்தில் எழுதி, பராமரிப்பு அறைச் சுவரில் மாட்டுங்கள். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் வடிகால் துப்புரவு. ஆண்டுக்கொரு முறை கூரைப் பூச்சு, இணைப்பு, சன்னல் விளிம்பு. ஐந்தாண்டுக்கொரு முறை தட்டிப் பார்த்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பொறுப்பாளரின் பதவியைக் குறியுங்கள். பெயரைக் குறித்தால் அவர் மாற்றலாகிப் போனதும் வேலை நின்றுவிடும்.

கழற்றிய கைப்பிடி, ஓடு, கண்ணாடிக்கட்டை ஆகியவற்றைத் தூக்கி எறியாமல், எங்கிருந்து வந்தவை என்று சீட்டு கட்டி ஓர் அறையில் வையுங்கள். அடுத்த முறை அவைதான் மாதிரி. பழுதுபார்த்த இடம், கலவையின் விகிதம், தேதி எல்லாவற்றையும் கோப்பில் சேருங்கள். கோப்பின் ஒரு பிரதி கட்டிடத்திலும், ஒன்று நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ, ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.